ஊசியிலிருந்து குழந்தைக்கு

குழந்தைகள் வார்டில் மருந்து அளவைக் கணக்கிட இப்போது தொடுதிரை டேப்லெட் வந்துவிட்டதாம். எடையைப் போட்டு, மருந்தின் பெயரைத் தொட்டால், எத்தனை மில்லி இழுக்கவேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். நான் வேலை பார்த்த வார்டிலிருந்து இரண்டு இளம் நர்ஸ்கள் போன மாதம் கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்கள். ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டு வந்திருந்தார்கள்.

"நீங்கல்லாம் மனசுக்குள்ளயே கணக்குப் போடுவீங்களாமே அக்கா? போட்டத மறுபடி தலைகீழா வேற போடுவீங்களாம். அத எழுதுங்க, சுவாரஸ்யமா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"இப்ப அதெல்லாம் தேவையே இல்லக்கா. ஆப் தப்பா சொல்லாது" என்றாள் மற்றவள்.

"சொல்லாதுதான்" என்றேன். "நீ குடுத்த எடைக்கு அது கரெக்டாத்தான் சொல்லும்."

அவர்கள் சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு மேஜையில் என் மகள் யாழினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு. 618 ஐ 6 ஆல் வகுத்து 13 என்று விடை போட்டிருந்தாள். நடுவில் வரவேண்டிய பூஜ்ஜியம் விழுந்துவிட்டது. அதற்குக் கீழே 'விடையைச் சரிபார்' என்று இருந்த இடத்தில் அதே வகுத்தலை அழகான கையெழுத்தில் இன்னொரு முறை எழுதி, மறுபடியும் 13 போட்டு, பக்கத்தில் ஒரு டிக் அடித்திருந்தாள்.

"இது சரிபாக்கறதா?"

"ரெண்டு தடவ போட்டேன்மா. ரெண்டு தடவையும் பதிமூணுதான் வந்துச்சு."

"பதிமூண ஆறால பெருக்கு."

"இது வகுத்தல் கணக்கு. எதுக்குப் பெருக்கணும்?"

"நீ வந்த வழி சரியான்னு பாக்கணும்னா திரும்பி நடந்து பாக்கணும். கெளம்புன எடத்துக்குப் போய்ச் சேர்றியான்னு பாரு."

முணுமுணுத்துக்கொண்டே பெருக்கினாள். எழுபத்தெட்டு வந்தது. அறுநூற்றுப் பதினெட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. "அய்யோ, எங்கயோ போயிட்டேன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த என் விரல்கள் வெளுத்திருந்ததை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று சமையலறைக்குப் போய்விட்டேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று ஒரு தாயை இப்படிப் பண்ணுமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நர்ஸிங் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹாஸ்டல் சாம்பார், சுருக்கமில்லாமல் விரிக்கப் பழகிய படுக்கைகள், முதன்முதலாகப் பார்த்த மரணம், பரீட்சை. மருந்துக் கணக்குக்கு ஒரு சூத்திரம் உண்டு, அதை மனப்பாடம் செய்து தேறினேன். பிறகு சில வருடங்கள் பெரியவர்கள் வார்டு. அங்கே கணக்கே இல்லை. பெரியவர்களுக்கு முழு மாத்திரை, முழு ஊசி. பாட்டிலில் இருப்பதை அப்படியே ஏற்றலாம்.

குழந்தைகள் வார்டுக்கு மாற்றியபோதுதான் பயம் வந்தது. பெரியவர்களுக்காகத் தயாரித்த அதே சின்ன பாட்டில்தான் அங்கேயும். அதிலிருந்து இந்தக் குழந்தைக்கு மட்டும் உரியதைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருப்பார். அதைக் குழந்தையின் எடையால் பெருக்கினால் அந்தக் குழந்தைக்கு வேண்டிய மில்லிகிராம் வரும். பாட்டிலில் ஒரு மில்லி மருந்துக்கு எத்தனை மில்லிகிராம் இருக்கிறதோ அதால் வகுத்தால், ஊசியில் எத்தனை மில்லி இழுப்பது என்று தெரியும். முதலில் பெருக்கல், பிறகு வகுத்தல். அவ்வளவுதான். ஆனால் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

வார்டின் பொறுப்பு ரோசலின் சிஸ்டரிடம் இருந்தது. குரோம்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். மெலிந்த உருவம், மூக்குக்கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில்தான் இருக்கும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. திட்டவேண்டிய இடத்தில் ஒரு கேள்வி கேட்பார், அது போதும். மருந்து மேஜையை ஜன்னலோரம் போட்டு வைத்திருந்தார். அங்கே நிற்பவர்களுக்குக் குழந்தைகளின் கட்டில்கள் முதுகுப் பக்கம் இருக்கும். எதிரே ஜன்னல், தூரத்தில் ஜி.எஸ்.டி. சாலை, தலைக்குமேல் தாழ்வாக இறங்கும் விமானங்கள். ஏன் இப்படி என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

அந்த வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் கணக்குப் போட்டு மருந்தை இழுப்பார். இன்னொருவர் சரிபார்ப்பார். எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ளதுதான். ஆனால் இங்கே சரிபார்ப்பவரிடம், எடை எழுதியிருக்கும் கேஸ் ஷீட்டைக் காட்டமாட்டார்கள். அது மருந்துத் தட்டுக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கும். மருந்து இழுத்த ஊசி, பாட்டில், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற உத்தரவு, இந்த மூன்றுதான் அவருக்கு. அதை வைத்துக்கொண்டு, இந்த ஊசி எத்தனை கிலோ குழந்தைக்கு என்று அவர் சொல்லவேண்டும்.

என் முதல் நாளில் கோமதி என்ற நர்ஸ் மருந்தை இழுத்து என் கையில் கொடுத்தாள். என் வயதுதான் அவளுக்கும், ஆனால் வார்டில் எனக்கு மூத்தவள்.

"இது யாருக்கு?" என்றார் ரோசலின் சிஸ்டர்.

"மூணாம் பெட் சிஸ்டர்."

"பெட்டுக்கா ஊசி போடப் போற? எத்தினி கிலோ புள்ளைக்கு?"

நான் கேஸ் ஷீட்டை நிமிர்த்தி, எடையைப் பார்த்து, கோமதி போட்ட கணக்கையே கடகடவென்று போட்டு, "கரெக்ட் சிஸ்டர்" என்றேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"நீ கோமதி பின்னாடியே நடந்துகினு போயிருக்க. அவ எங்கனா தடுக்கி வுழுந்திருந்தா நீயும் அங்கயேதான் வுழுந்திருப்ப. ரெண்டு பேரும் ஒரே குழில கெடந்துகினு 'கரெக்ட், கரெக்ட்'னு சொல்லிகினு இருப்பீங்க."

கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"காயத்துல பஞ்சு வெக்கற. அதுக்கு மேல கட்டு போடற. அவுக்கும்போது எது மொதல்ல?"

"கட்டு சிஸ்டர்."

"இதுவும் அதான். கடைசியா இன்னா பண்ணா கோமதி? பாட்டில் கணக்கால வகுத்தா. நீ மொதல்ல பாட்டில் கணக்கால பெருக்கு. மில்லிகிராம் வரும். அத வாய்விட்டுச் சொல்லு, நடுவுல அவளும் நீயும் சந்திக்கணும். அதுக்கு முன்னாடி அவ எடையால பெருக்குனா. நீ கிலோவுக்கு இவ்ளோன்றதால வகு. எடை வந்து நிக்கும். ஊசில ஆரம்பிச்சு புள்ளைகிட்ட போய்ச் சேரணும்."

படித்த சூத்திரத்தில் இது இல்லாமல் இல்லை. பெருக்கலை வகுத்தல் அவிழ்க்கும், கூட்டலைக் கழித்தல் அவிழ்க்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். ஆனால் ஒரு கணக்கை அவிழ்த்துப் பார்ப்பது அதைத் திரும்பச் செய்வதிலிருந்து எவ்வளவு வேறானது என்பது எனக்கு அந்த ஜன்னலோரத்தில்தான் உறைத்தது. அதே வழியில் இரண்டாவது முறை போகும்போது மனம் தூங்கிவிடுகிறது. எதிர்த் திசையில் நடக்கும்போதுதான் ஒவ்வொரு வளைவிலும் விழிக்கிறது.

பழகப் பழக எங்களுக்கு வேறொரு வியாதி வந்தது. மாதக்கணக்கில் வந்துபோகும் குழந்தைகளின் எடை எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். கோமதிக்கு ஞாபக சக்தி அதிகம். ஊசியைக் கையில் வாங்கும்போதே யாருக்கென்று ஊகித்து, கணக்கு முடியுமுன் எடையைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் ரோசலின் சிஸ்டர் அவளிடம் ஒரு ஊசியை நீட்டினார். எட்டாம் பெட் பையனுக்கு மருந்து கொடுக்கும் நேரம் அது.

கோமதி ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. "பன்னெண்டு கிலோ சிஸ்டர்."

"கணக்குப் போட்டியா?"

"போட்டேன் சிஸ்டர்."

"இது குழாத் தண்ணி. ஜன்னலப் பாத்துகினு சும்மா இழுத்தேன். இதுவா பன்னெண்டு கிலோ?"

வார்டே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் கோமதிதான். "ஏன் சிஸ்டர் காலங்காத்தால மானத்த வாங்கறீங்க?" என்றாள்.

"விடை முன்னாடியே தெரிஞ்சிட்டா கணக்கு ஒனக்கு வளைஞ்சு குடுக்கும். அதனாலதான் மேஜைய ஜன்னலுக்குப் போட்டு வெச்சிருக்கேன். திரும்பிப் போகும்போது எங்க போய்ச் சேரப் போறோம்னு தெரியாமதான் போகணும்."

மேஜை ஏன் அப்படிக் கிடக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

சிஸ்டரிடம் இன்னும் ஒரு வழக்கம் இருந்தது. சரிபார்ப்பவர் எடையைச் சொல்லி, இழுத்தவர் கேஸ் ஷீட்டை நிமிர்த்தி "சரி" என்றதும் எங்களுக்கு வேலை முடிந்தது. அவருக்கு முடியாது. மேஜையிலிருந்து திரும்பி, அந்தக் குழந்தை படுத்திருக்கும் கட்டிலை ஒரு முறை பார்ப்பார். பிறகுதான் ஊசி நகரும். வெகுகாலம் நான் அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். ஜெபம் சொல்கிறார் என்றுகூடக் கோமதி சொல்வாள்.

கல்யாணமாகி நீண்ட காலம் கழித்து, எல்லாரும் கேட்பதை நிறுத்திவிட்ட பிறகு, யாழினி பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயது ஆகும் முன்பு ஒருநாள் நடந்தது இது.

எனக்குக் காலை ஷிப்ட். வார்டில் ஒரு குழந்தைக்குக் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். ரோசலின் சிஸ்டர் பின்னால் வந்து நின்றார். நான் ஊசியை ஏற்றி, பிளாஸ்டர் ஒட்டி முடிக்கும் வரை காத்திருந்தார். முடித்ததும், "புவனா, கைய கழுவு" என்றார். கழுவினேன். "ஒன் பொண்ண ஒன் வூட்டுக்காரர் கூட்டினு வந்திருக்கார். ஜுரத்துல ஃபிட்ஸ். கேஷுவாலிட்டில நின்னுடுச்சு. மேல வராங்க. இப்ப நீ நர்ஸ் இல்ல. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிக்கணும், சரியா?"

என் கணவருக்குக் கேளம்பாக்கத்தில் வேலை. ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவருக்குக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்திருக்கிறது. ஜுரம் நெருப்பாகக் கொதிக்கிறது என்று. அப்படியே ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டு ஆட்டோ ஏறியிருக்கிறார். பல்லாவரம் சிக்னலில் அவர் மடியில் அவள் விறைத்திருக்கிறாள். அவர் அதற்குமுன் வலிப்பைப் பார்த்ததே இல்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன் என்று பிறகு என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்.

கேஷுவாலிட்டியில் வயதை வைத்துக் கொடுக்கும் முதல் மருந்தைக் கொடுத்து வலிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு எடை பார்த்திருக்கிறார்கள். துவண்டு கிடக்கும் குழந்தையை நிற்கவைக்க முடியாது. அதனால் தூக்கிக்கொண்டிருப்பவரோடு சேர்த்து எடை பார்ப்போம். பிறகு குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அவரை மட்டும் தனியே ஏற்றுவோம். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் குழந்தையின் எடை. எளிய வழி, நானே நூற்றுக்கணக்கான முறை செய்தது.

மேலே கொண்டுவந்தபோது யாழினியின் கண்கள் பாதி திறந்திருந்தன. என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடத்திய சிறிது நேரத்தில் அவள் வாயோரம் இழுக்க ஆரம்பித்தது. மிக லேசாக, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல. டாக்டர் பார்த்தார். வலிப்பை அடக்கும் அடுத்த மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். கிலோவுக்கு இருபது மில்லிகிராம். நல்ல மருந்து. ஆனால் அதிகமாகிவிட்டால் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். அதைக் கொடுக்கும்போது என் கண் மானிட்டரை விட்டு அகலாது.

கோமதி மேஜைக்குப் போய்க் கணக்குப் போட்டு இழுத்தாள். வழக்கமாக அவள் இழுத்தால் நான் சரிபார்ப்பேன். அன்று என் இடத்தில் ரோசலின் சிஸ்டர் நின்றார். நான் யாழினியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோமதி ஊசியையும் பாட்டிலையும் நீட்டினாள். ஷீட் தட்டுக்கடியில் கவிழ்ந்திருந்தது. என் குழந்தை என்பதற்காக எதையும் வேகமாகச் செய்யவில்லை. அப்போது அது எனக்குக் கொடுமையாக இருந்தது.

"ஆறு மில்லி. பாட்டில்ல மில்லிக்கு அம்பது. ஆறு அம்பது முந்நூறு" என்றார் சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"முந்நூறு" என்றாள் கோமதி.

"கிலோவுக்கு இருவது. முந்நூற இருவதால வகுத்தா பதினஞ்சு. பதினஞ்சு கிலோ புள்ள."

கோமதி ஷீட்டை நிமிர்த்தினாள். "பதினஞ்சு. சரி சிஸ்டர்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடி நானும் மனதுக்குள் அதே கணக்கைப் போட்டேன். எனக்குள் இருந்த நர்ஸ் சரி என்றாள். எனக்குள் இருந்த தாய் எதுவுமே சொல்லவில்லை. கொடுங்கள், சீக்கிரம் கொடுங்கள் என்பதைத் தவிர அவளிடம் வேறு சொல் இல்லை.

சிஸ்டர் திரும்பினார். கட்டிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"பதினஞ்சு கிலோன்னா எல்கேஜி போற புள்ளையாச்சே" என்றார். "இது யாரு?"

கோமதி ஷீட்டை மறுபடியும் பார்த்தாள். "பதினஞ்சுன்னுதான் போட்டிருக்கு சிஸ்டர்."

"புவனா, ஒன் பொண்ணு எத்தினி கிலோ?"

தடுப்பூசி போடப் போனபோது அவளை எடை பார்த்திருந்தோம். அந்த எண்ணை வீட்டில் சொல்லி மகிழ்ந்திருந்தோம். வார்டில் இருந்த அத்தனை குழந்தைகளின் எடையும் என் நினைவில் இருந்தது. என் மகளின் எடை வரவில்லை. அந்த வெறுமை எப்படி இருந்தது என்பதை இன்றுவரை என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை.

"பரவால்ல, வுடு" என்றார் சிஸ்டர். "கோமதி, அந்த ஊசிய தனியா வை. சார், கொழந்தையத் தூக்குங்க. இங்கயே மறுபடி எடை பாத்துடலாம். ஒரு நிமிஷ வேலை."

வார்டின் எடை மேடை வாசலருகே இருந்தது. என் கணவர் யாழினியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அதில் ஏறப் போனார். அப்போதுதான் சிஸ்டர் அவர் முதுகைப் பார்த்தார். ஆபீஸ் பை. லேப்டாப், அதன் சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாம் அடங்கிய பை. காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது மாட்டியது. முதுகில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"சார், கீழ ஏறும்போதும் இத மாட்டிகினுதான் ஏறுனீங்களா?"

"எத?" என்றார். பிறகு தோள்பட்டியைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா... போல."

"பாப்பாவக் குடுத்துட்டுத் தனியா ஏறுனப்ப?"

அவர் யோசித்தார். முகம் மாறியதை நான் பார்த்தேன். "பாப்பாவ எடை பாத்த பொண்ணுகிட்டக் குடுக்கறப்ப பைப் பட்டை சிக்கிச்சு. கழட்டிக் கீழ வெச்சிட்டுக் குடுத்தேன். அப்புறம்... அப்படியே ஏறிட்டேன். மேல வர்றப்ப மறுபடி மாட்டிருக்கேன் போல."

அவர் முதலில் ஏறியபோது எண்பத்து மூன்று. தனியாக ஏறியபோது அறுபத்தெட்டு. கழித்தால் பதினைந்து. கழித்தலில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பதினைந்தில் குழந்தை மட்டும் இல்லை, பையும் இருந்தது.

சிஸ்டர் தன் கையாலேயே பையைக் கழற்றி வாங்கினார். என் கணவர் குழந்தையோடு ஏறினார். எழுபத்தொன்பது. கோமதி குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவர் தனியாக நின்றார். அறுபத்தெட்டு. பதினொன்று.

கோமதி புது ஊசியில் மருந்தை இழுத்தாள். சிஸ்டர் மறுபடியும் ஜன்னலுக்குத் திரும்பினார். "நாலு புள்ளி நாலு மில்லி. மில்லிக்கு அம்பது. எரநூத்தி இருவது."

"எரநூத்தி இருவது."

"இருவதால வகுத்தா பதினொண்ணு."

"பதினொண்ணு. சரி."

திரும்பினார். என் மகளைப் பார்த்தார். "ஆங், இதான்" என்றார்.

மருந்து ஏறியது. மெதுவாகத்தான் ஏற்றவேண்டும். நான் மானிட்டரைப் பார்க்கவில்லை, சிஸ்டர் பார்த்தார். வாயோரம் இழுத்துக்கொண்டிருந்த நூல் எப்போது அறுந்தது என்று தெரியவில்லை. யாழினி பிற்பகலில் கண் விழித்து, முதல் வேலையாகத் தன் தந்தையின் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அன்று யார்மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். கேஷுவாலிட்டியில் எடை பார்த்த பெண் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அழுதுகொண்டிருந்த ஒரு மனிதரையும் துவண்ட ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு, படித்ததைப் படித்தபடி செய்திருக்கிறாள். ரோசலின் சிஸ்டர் கீழே போய் அவளைத் திட்டவில்லை. அவள் தோளில் அந்தப் பையை மாட்டி, கையில் ஒரு தலையணையைக் கொடுத்து மேடையில் ஏற்றினாராம். "இப்ப தலகாணிய மட்டும் எறக்கு. மத்ததெல்லாம் இருக்கறபடியே இருக்கட்டும். எத எறக்குறியோ அதுக்குத்தான் கணக்கு வரும்" என்றாராம். மறுவாரம் இரண்டு எடை மேடைகளுக்கும் பக்கத்துச் சுவரில் பை மாட்ட ஒரு கொக்கி அடிக்கப்பட்டது.

என் கணவர் அன்று வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நாலு கிலோ புவனா" என்றார். "தினமும் தூக்கறேன். நாலு கிலோன்னே தெரியல."

"நீங்க அவளத் தூக்கிட்டு வந்தீங்க. அது போதும்" என்றேன். அதை நான் மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் அதன் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று நிற்காமல் ஓட ஆரம்பித்தது. ஊசியிலிருந்து குழந்தைக்குப் போவேன். எடை சரியாக வரும். திரும்பிக் கட்டிலைப் பார்ப்பேன். சரிதான். ஆனாலும் மறுபடியும் ஊசிக்கு வருவேன், மறுபடியும் போவேன். குழந்தையை மீண்டும் எடை பார்க்கச் சொல்வேன். தாய்மார்களின் வளையலைக்கூடச் சந்தேகித்தேன். கோமதி பொறுமையாகக் காத்திருப்பாள். ஜுரக் குழந்தைகள் காத்திருக்க முடியாது. வேலையை எப்போதும் சரியாகச் செய்தேன், ஆனால் எதையும் நேரத்துக்குச் செய்யவில்லை. அந்த வார்டில் தாமதமும் தவறும் ஒன்றுதான்.

சில வருடங்கள் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் ரோசலின் சிஸ்டர் என் கையிலிருந்த ஊசியை மெதுவாக வாங்கிக் கோமதியிடம் கொடுத்துவிட்டு, என்னை ஜன்னலோரம் நிறுத்தினார்.

"ஒரு தடவ போவணும். ஒரு தடவ திரும்பணும். அதோட கணக்கு முடிஞ்சுது. மூணாவது தடவ எதத் தேடற?"

"தெரியல சிஸ்டர். பயமா இருக்கு."

"பயம் இருக்கட்டும். எனக்கும் கீது. ஆனா நீ திரும்பிப் பாக்கும்போது இந்தப் புள்ளைங்கள பாக்கல புவனா. எல்லாக் கட்டில்லயும் ஒன் பொண்ணயே பாக்கற. அவ இங்க இல்ல. வூட்ல கீறா. போய் அங்க பாரு."

விருப்ப ஓய்வுக் கடிதத்தை அந்த மாதமே கொடுத்தேன். அவர் சொன்னது கடுமையாக இருந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன்.

கட்டுரை கேட்டு வந்த பெண்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். டேப்லெட் நல்லது. பூஜ்ஜியத்தைத் தொலைக்காது, களைப்பில் புள்ளியை நகர்த்தாது. அன்று எங்கள் கையில் அது இருந்திருந்தால் பதினைந்தைப் போட்டிருப்போம், ஆறு என்று சொல்லியிருக்கும். அது சரியான விடை. பெருக்கலையும் வகுத்தலையும் எந்த இயந்திரமும் அவிழ்த்துவிடும். ஆனால் அவிழ்த்துக்கொண்டே போனால் கடைசியில் வருவது ஓர் எண் மட்டுமல்ல, அந்த எண்ணுக்கு உரியவர். திரை சொல்லும் மில்லியைக் கையில் வைத்துக்கொண்டு, எடையைப் பார்க்காமல், ஒரே ஒரு முறை திரும்பி நடந்து பாருங்கள். எண் வந்ததும் நின்றுவிடாதீர்கள். கட்டில்வரை போங்கள்.

போன வாரம் யாழினிக்கு ஜுரம். பள்ளிக்கூடத்திலிருந்தே நேராகப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். வலிப்பு வரும் வயதை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். அது எனக்குத் தெரியும், என் கைகளுக்குத் தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் நர்ஸாக இருந்தாள். "எடை மேல ஏறும்மா" என்றாள். யாழினி ஒரு காலை மேடையில் வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற என் கணவர் கையை நீட்டி, அவள் தோளிலிருந்த புத்தகப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கழுத்தில் தொங்கிய தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஷூவையும் கழட்டணுமா?" என்று யாழினி கேட்டாள். நர்ஸ் பெண் சிரித்தாள். முப்பது கிலோ.

வீட்டுக்கு வந்து சிரப்பை ஊற்றினேன். டாக்டர் ஒன்பது மில்லி எழுதியிருந்தார். அடுப்படி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, மில்லிக்கு ஐம்பது, நானூற்று ஐம்பது, கிலோவுக்குப் பதினைந்து என்று ஒரே ஒரு முறை திரும்பிப் போனேன். முப்பது கிலோ குழந்தை. திரும்பினேன்.

சோபாவில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். கன்னம் சிவந்து, தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு.

"என்னம்மா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "நீதானான்னு பாத்தேன்."

"நான்தான்" என்று வாயைத் திறந்தாள்.